பேரல் ரேஸ்: பொண்ணு சாயறாளா, சேடில் சாய்க்குதா?

ஸ்டீபன்வில்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டெக்சாஸ்ல ஸ்டீபன்வில் பக்கத்துல இருக்கோம், இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோடியோதான், அதனால பொண்ணுக்கும் அந்த ஆசை ஒட்டிக்கிச்சு. இப்ப பதினாலு வயசு. வாரக் கடைசில பக்கத்து அரீனாக்கள்ல நடக்கற ஜாக்பாட் ரேஸ்ல ஓட்டறா, பெரும்பாலும் 3டி-ல வருவா, நல்ல நாள்னா 2டி. குதிரை ஏழு வயசு குவார்ட்டர் ஹார்ஸ் ஜாதி மேர் (பெண் குதிரை), ரேஸ் வழி ரத்தம், அதனால ஒல்லியான முதுகு, விதர்ஸ் (கழுத்தும் முதுகும் சேர்ற மேடு) நல்லா உயரமா இருக்கும். போன வருஷம்தான் வாங்கினோம்.

பிரச்சனை என்னன்னா ரெண்டாவது பேரல்ல மேர் நேரா தாண்டிப் போயிடறா, இல்லன்னா உள்ள விழுந்து பேரலைத் தட்டிடறா. தட்டினா அஞ்சு செகண்ட் போச்சு, அப்புறம் என்ன ஓட்டி என்ன. கோச் சொல்றது, பொண்ணு உள்பக்கம் சாயறா, தோள் விழுது, நேரா உட்காரச் சொல்லுங்கன்னு. பொண்ணு என்ன சொல்றான்னா, அப்பா நான் நேராத்தான் உட்கார நினைக்கறேன், சேடில் (சேணம்) என்னைத் தூக்கிப் பின்னாடி போடுதுன்னு. வீடியோ பார்த்தா ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் தெரியுது.

சேடில் பழைய குதிரைக்கு வாங்கினது, அது நல்ல அகலமான குதிரை. இப்ப கொஞ்ச நாளா சின்ச் (சேடிலை வயித்தோட கட்டற வார்) இறுக்கும்போது மேர் காதை மடக்கறா, கடிக்க வரா. ஓட்டி முடிச்சு பேடை (சேடிலுக்கு அடில போடற மெத்தை) எடுத்தா தோளுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு வியர்வையே இல்லாம காஞ்சு இருக்கு. இது ட்ரெய்னிங் விஷயமா, சேடில் விஷயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுவாசகன்

அண்ணா, தப்பா நினைக்காதீங்க, பேரல் ரேஸ்னா என்ன, 3டி-ன்னா என்னன்னு ஒரு வரில சொல்லிட்டீங்கன்னா என்னை மாதிரி ஆளுங்களும் இழையைத் தொடர்ந்து படிப்போம்.

செம்மண்_ஓக்லஹோமா

நான் சொல்றேன் தம்பி. அரீனாவுல மூணு எண்ணெய் ட்ரம், அதாவது 55 கேலன் பீப்பாய், முக்கோணமா நிக்கும். குதிரை முழு வேகத்துல உள்ள வந்து முதல் ட்ரம்மைச் சுத்தி, ரெண்டாவதைச் சுத்தி, தூரத்துல இருக்கற மூணாவதைச் சுத்தி, நேரா வீட்டுக்கு ஓடி வரணும். முறைப்படி வச்ச அரீனான்னா முதல் ட்ரம்முக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 90 அடி, அந்த ரெண்டுல இருந்தும் மூணாவதுக்கு 105 அடி, டைமர் கோட்டுல இருந்து முதல் ரெண்டுக்கும் 60 அடி. இந்த அளவுல 17 செகண்ட் பக்கம் ஓடினா நல்ல ஓட்டம். லாஸ் வேகாஸ்ல நடக்கற நேஷனல் ஃபைனல்ஸ் அரீனா சின்னது, அங்க 13, 14 செகண்ட்ல முடிஞ்சிடும். பெரும்பாலானவங்க வலது பேரலை முதல்ல எடுப்பாங்க, அப்படின்னா ஒரு திருப்பம் வலப்பக்கம், மிச்சம் ரெண்டும் இடப்பக்கம்.

1டி, 2டி எல்லாம் பிரிவுங்க. அன்னிக்கு யாரு ஃபாஸ்டோ அந்த நேரம்தான் 1டி ஆரம்பம், அதுக்கு அரை செகண்ட் பின்னாடி 2டி, ஒரு செகண்ட் பின்னாடி 3டி. இதனாலதான் புதுசா ஓட்டறவங்களும் காசு ஜெயிக்க முடியுது.

இப்ப ஸ்டீபன்வில் அண்ணாவுக்கு. நான் இருவது வயசுல இருந்து ஓட்டறேன், இன்னும் ஓட்டறேன். நீங்க எழுதினதுல ஒரு வாக்கியம்தான் எனக்கு முக்கியமாப் பட்டுது, "சேடில் என்னைத் தூக்கிப் பின்னாடி போடுது". பிள்ளைங்க சாக்கு சொல்லணும்னா குதிரையைச் சொல்லும், இல்ல தரையைச் சொல்லும். சேடில் இன்ன திசைல தள்ளுதுன்னு சொல்றது உடம்பு உணர்ந்து சொல்றது. நம்புங்க.

கடிவாளம்

எல்லாத்துக்கும் சேடில்தான் காரணம்னு சொல்றது இப்ப ஃபேஷனாயிடுச்சு. ஆயிரக்கணக்குல செலவு பண்ணி மாத்திட்டு மறுபடியும் அதே பேரலைத் தட்டிக்கிட்டு வர்றவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். பேரல் ரேஸ் சாம்பியன் சார்மெய்ன் ஜேம்ஸ் 1985-ல நேஷனல் ஃபைனல்ஸ் ஏழாவது ரவுண்டுல ஓட்டும்போது அவங்க குதிரை ஸ்கேம்பரோட தலைக் கடிவாளமே கழண்டு போச்சு, அந்தக் குதிரை அப்படியே ஓட்டத்தை முடிச்சு அந்த ரவுண்டையும் ஜெயிச்சது. சாமான் முக்கியம்னா அது எப்படி நடந்துச்சு? ஓட்டறவ எங்க பார்க்கறா, எங்க உட்கார்றா, அவ்வளவுதான்.

பொண்ணு பேரலைப் பார்த்துக்கிட்டே போறாளான்னு முதல்ல பாருங்க. பேரலைப் பார்த்தா பேரல் மேலதான் போகும். பேரலுக்குப் பக்கவாட்டுல நாலஞ்சு அடி தள்ளி குதிரை எங்க காலை வைக்கணுமோ அந்தத் தரையைப் பார்க்கணும்.

தோல்வேலை

வெதர்ஃபோர்ட் பக்கம் ஒரு சேடில் பட்டறைல வேலை பாக்கறேன். ட்ரீ ரிப்பேர், ரிக்கிங், ஃப்ளீஸ் மாத்தறது எல்லாம் கையால பண்றது. கடிவாளம் சார் சொன்னதுக்கு முதல்ல ஒண்ணு. ஸ்கேம்பர் கதைய நானும் அடிக்கடி கேட்டிருக்கேன், ஆனா அது உங்க பேச்சுக்கு எதிரா நிக்குது சார். தலைல கடிவாளம் இல்ல, கையில ரெயின் (குதிரையைத் திருப்பற வார்) இருந்தும் பிரயோஜனம் இல்ல, அப்ப அந்தப் பொண்ணுகிட்ட மிச்சம் இருந்தது என்ன? உட்கார்ற இடம், கால், உடம்பு எடை. அந்த மூணும் குதிரைக்குப் போய்ச் சேர்றது சேடில் வழியாத்தான். அன்னிக்கு சேடில் ஆடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அண்ணா, உங்க விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. சேடிலுக்குள்ள ஒரு எலும்புக்கூடு இருக்கு, ட்ரீன்னு சொல்லுவோம், மரத்துல செஞ்சு மேல ரா-ஹைடோ ஃபைபர்கிளாஸோ சுத்தியிருக்கும். அதுல குதிரை முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் நீளமா படுத்திருக்கற ரெண்டு பலகை, அதுதான் பார். சவாரி பண்றவங்களோட எடை முழுக்க அந்த ரெண்டு பார் வழியாத்தான் இறங்குது. குதிரை முதுகுக்கு ஒரு வளைவு இருக்கு, தோள் பக்கம் ஒரு சரிவு, இடுப்புப் பக்கம் போகப் போக சரிவு குறைஞ்சு தட்டையாகும். பாரும் அதே மாதிரி முறுக்கி வளைஞ்சு இருக்கணும். எங்க ஒத்துப் போகலையோ அங்க குத்தும்.

உங்க சேடில் அகலமான குதிரைக்கு வாங்கினதுன்னு சொன்னீங்க. மேர் ஒல்லி, உயரமான விதர்ஸ். அப்ப பொதுவா என்ன நடக்கும்னா, சேடிலோட முன்பக்கம் விதர்ஸ் மேல உட்கார்ந்துடும், சேடில் மூக்கு கீழ குத்தி ஓட்டறவங்க முன்னாடி சரிவாங்க. ஆனா உங்க பொண்ணு பின்னாடி போடுதுன்னு சொல்றா. அதனால ஒரு கேள்வி: சேடில் அகலம்னு நீங்களே தடிமனான பேடு, இல்ல ரெண்டு பேடு போட்டிருக்கீங்களா?

ஸ்டீபன்வில்_அப்பா

ஆமா தம்பி. வாங்கின புதுசுலயே விதர்ஸ்ல இடிச்சதால கடைல சொல்லி ஒரு இஞ்ச் கம்பளி ஃபெல்ட் பேடு, அதுக்கு மேல ஒரு நெய்த பிளாங்கெட், அதுக்கும் நடுவுல முன்பக்கம் மட்டும் ஒரு ரைசர் பேடு போட்டோம். விதர்ஸ்ல இப்ப மூணு விரல் போகுது.

தோல்வேலை

அங்கதான் இருக்கு அண்ணா விஷயம். முன்பக்கம் மட்டும் தூக்கினா சேடில் பின்னாடி சாயும், சீட்டோட ரொம்ப ஆழமான இடம் கேன்டிலுக்கு (சீட்டோட பின்பக்க மேடு) கிட்டப் போயிடும். பொண்ணு எப்படி நேரா உட்கார நினைச்சாலும் புவியீர்ப்பு அவளை அந்தப் பள்ளத்துக்குத்தான் இழுக்கும். அதோட, முன்னாடி அத்தனை அடுக்கு வச்சதுல பார் முனை தோளுக்குப் பின்னாடி ஒரே இடத்துல ஊனி நிக்கும். நடுமுதுகுல தொடாது, மறுபடியும் இடுப்புகிட்ட தொடும். பாலம் கட்டின மாதிரின்னு இங்க பிரிட்ஜிங்னு சொல்றது அதைத்தான். நாலு மூலைல எடை, நடுவுல காத்து.

காஞ்ச இடத்தைப் பத்தி ஒண்ணு. வியர்வை வராத இடம்னா அழுத்தம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா சேடில் தொடாத இடமும் காஞ்சுதான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். பேடு இல்லாம வெறும் முதுகுல சேடிலை வச்சு, தோளுக்குப் பின்னாடி பாருக்கு அடில கையை நுழைச்சுப் பாருங்க. கை சமமா நுழையணும். ஒரு இடத்துல மட்டும் விரலை நசுக்கிச்சுன்னா அது அழுத்தம். கை சுலபமா போய் வெளிய வந்துச்சுன்னா அது இடைவெளி. அப்புறம் யாராவது முன்னங்காலை மெதுவா முன்னாடி இழுத்துப் பிடிக்கட்டும், நீங்க கையை உள்ளயே வச்சிருங்க. தோள் எலும்போட மேல்முனை பின்னாடி சுழண்டு வர்றது கைல தெரியும். நிக்கும்போது சரியா இருக்கற சேடில் ஓடும்போது இடிக்கறது அதனாலதான்.

செம்மண்_ஓக்லஹோமா

தோல்வேலை தம்பி அருமையா சொல்லிட்டார். நான் இதை ஓட்டறவ பக்கத்துல இருந்து சொல்றேன், ஏன்னா கோச் சொன்ன "சாயறா"ங்கறதும் பொய் இல்ல.

முதல் பேரலை விட்டு ரெண்டாவதுக்குப் போகும்போது உடம்பு முன்னாடி இருக்கணும், இடுப்பை லேசா தூக்கி, கை முன்னாடி, குதிரையை ஓட விடணும். பேரல் நெருங்கற இடத்துல, ரேட் பாயின்ட்னு சொல்லுவோம், அங்க வந்ததும் உட்காரணும். உட்கார்றதுதான் குதிரைக்கு சிக்னல், இப்ப பின்னங்காலை அடில கொண்டு வா, வேகத்தைச் சேர்த்து வை, திரும்பப் போறோம்னு. இப்ப யோசிங்க, சேடிலே உங்க பொண்ணை எந்நேரமும் பின்னாடி உட்கார வச்சிருக்கு. அப்ப ரேட் பாயின்ட்ல அவ புதுசா சொல்றதுக்கு என்ன இருக்கு? முழு ஓட்டமும் ஒரே பேச்சா இருந்தா குதிரைக்கு எது சிக்னல்னே புரியாது. அதான் தாண்டிப் போறா.

அடுத்தது ஹார்ன், சேடில் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற பிடி. இடப்பக்கம் திரும்பும்போது இடது கைல ரெயின், வலது கை ஹார்ன்ல. அந்தக் கை ஹார்னைத் தள்ளணும், இழுக்கக் கூடாது. தள்ளினா இடுப்பு சேடிலுக்குள்ள ஆழமா இறங்கும், முதுகு நிமிரும். இழுத்தா தோள் முன்னாடியும் உள்ளயும் விழும். ஆனா பின்னாடி விழுந்துட்ட உடம்பு என்ன பண்ணும்? மேல ஏறி வர்றதுக்கு ஹார்னைப் பிடிச்சு இழுக்கத்தான் செய்யும், வேற வழியே இல்ல. இழுத்ததும் தோள் உள்ள சாயுது, எடை உள்பக்க ஸ்டிரப்ல (கால் வைக்கற வளையம்) இறங்குது, குதிரையோட உள்தோளும் கூடவே விழுது, பேரல் போச்சு. கோச்சுக்குத் தெரியறது கடைசி ரெண்டு விஷயம்தான்.

கடிவாளம்

இது நியாயமான விளக்கம், ஏத்துக்கறேன். ரைசர் பேடு விஷயம் தெரியாம நான் எழுதிட்டேன்னு வச்சுக்கோங்க, ஆனா கண் எங்க பார்க்குதுங்கறதை விட்டுக் குடுக்க மாட்டேன். சேடில் சரியானதும் அதையும் பழக்குங்க. பேரலைத் தாண்டி வெளிய வரும்போது தலை முதல்ல அடுத்த பேரலுக்குத் திரும்பணும், தலை திரும்பினா தோள் திரும்பும், தோள் திரும்பினா இடுப்பு திரும்பும். மெதுவா நடக்க விட்டு, ட்ராட்ல (துள்ளு நடை), அப்புறம் லோப்ல (மெதுவான பாய்ச்சல்). வேகமா ஓட்டி பழகறதுல ஒண்ணும் கத்துக்க முடியாது, குதிரை மனசுதான் கெடும்.

கல்கரி_வடமராட்சி

வணக்கம். நான் அல்பேர்ட்டாவில இருக்கிறன், மகளும் மருமகளும் ரெண்டு பேரும் ஓடுறவை. ஒவ்வொரு ஜூலையும் கல்கரி ஸ்டாம்பீட் ரோடியோ நடக்கேக்க முன்வரிசையில போய் இருந்து ஓட்டக்காரரின்ர இருப்பைத்தான் பாக்கிறது, நேரத்தைப் பாக்கிறதில்லை.

ஸ்டிரப் எங்க தொங்குது எண்டதை ஒருத்தரும் கேக்கேல்லை. அதையும் பாருங்கோ. பேரல் சேடில் சிலதில ஸ்டிரப்பை நல்லா முன்னுக்குத் தள்ளித் தொங்கவிட்டிருப்பினம், குதிரை திடீரெண்டு வேகம் குறைக்கேக்க காலை ஊண்டிப் பிடிக்கட்டும் எண்டு. பெரிய ஆக்களுக்கு அது பரவாயில்லை. கால் நீளமில்லாத பிள்ளைக்கு அது பிழை. கால் முன்னுக்குப் போக இடுப்பு பின்னுக்குப் போகும், கதிரையில இருக்கிற மாதிரி இருந்து ஓடும் அந்தப் பிள்ளை. காது, தோள், இடுப்பு, குதிக்கால் நாலும் ஒரே கோட்டில வருதோ எண்டு நிண்ட குதிரையில வைச்சு பக்கவாட்டில ஒரு படம் எடுத்துப் பாருங்கோ. குதிக்கால் கோட்டுக்கு முன்னுக்கு நிண்டா, பிள்ளையை ஏசிப் பிரயோசனமில்லை.

சீட் அளவும் பாருங்கோ. ஸ்வெல்லில (சீட்டின்ர முன்பக்க மேடு) இருந்து கேன்டில் வரைக்கும் எத்தனை இஞ்ச்? பிள்ளை வளரட்டும் எண்டு பெரிசா வாங்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம். உடுப்பில செய்யலாம், சேடிலில செய்யக் கூடாது. சீட் பெரிசெண்டால் குதிரை பேரலில இருந்து வெளிய பாயேக்க பிள்ளை பின்னுக்கு வழுக்கி கேன்டிலில அடிபடும், அதின்ர எடை குதிரையின்ர இடுப்பில விழும், அந்த இடத்தில விலா எலும்பே இல்லை, தாங்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

ஸ்டீபன்வில்_அப்பா

ஐயா நன்றி. சீட் பதினஞ்சரை இஞ்ச். தொடைக்கும் ஸ்வெல்லுக்கும் நடுவுல என் கை முழுசா போகுது. படம் எடுத்தோம், குதிகால் நீங்க சொன்ன மாதிரியே முன்னாடிதான் இருக்கு, ரைசரை எடுத்துட்டுப் பார்த்தாலும் கொஞ்சம் முன்னாடிதான். வெறும் முதுகுல வச்சு கை விட்டுப் பார்த்தோம். இடது பக்கம் பார் முனை விரலை நல்லா நசுக்குது, வலது பக்கம் அவ்வளவு இல்ல. நடுவுல ரெண்டு பக்கமும் கை தாராளமா போகுது. முதுகுத் தசைல விரலால அழுத்தினா தோளுக்குப் பின்னாடி மேர் சட்டுன்னு முதுகைத் தாழ்த்தறா. பொண்ணு அதைப் பார்த்துட்டு அழுதுட்டா.

குதிரைவைத்தியம்

குதிரைகளுக்கு வைத்தியம் பாக்கறது என் வேலை. இதுவரைக்கும் எழுதின எல்லாரும் பொறுப்பா எழுதியிருக்கீங்க, அதோட சேர்த்து சிலது.

முதல்ல, ஓட்டத்தை நிறுத்துங்க. முதுகுத் தசை வலில இருக்கும்போது புது சேடில் போட்டுப் பார்த்தாலும் அதுவும் பிடிக்காதுன்னுதான் மேர் சொல்லும், சரியான சேடிலையும் தப்புன்னு முடிவு பண்ணிடுவீங்க. கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் சேடில் இல்லாம லஞ்ச் லைன்ல (நீளக் கயித்துல சுத்தி விடறது) நடை, ட்ராட்.

ரெண்டாவது, சின்ச் இறுக்கும்போது கடிக்க வர்றதை முதுகு வலின்னு மட்டும் எடுத்துக்காதீங்க. போட்டிக்கு ஓடற குதிரைகள்ல வயித்துப் புண் ரொம்ப சாதாரணம், ட்ரெய்லர்ல பயணம், நாள்ல ரெண்டு வேளை தானியம், மீதி நேரம் வெறும் வயிறு. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும். இருந்துச்சுன்னா ஒமெப்ரசோல் குடுப்பாங்க. காய்ஞ்ச புல் (ஹே) எப்பவும் வாயில இருக்கற மாதிரி பாத்துக்கோங்க.

மூணாவது, இடப்பக்கத் திருப்பத்துல மட்டும் தாண்டிப் போறான்னா பின்னங்கால் ஹாக்ஸையும் (நடு மூட்டு) ஒரு டாக்டர் பார்க்கட்டும். திரும்பும்போது உள்பக்கப் பின்னங்கால்லதான் குதிரை தன் முழு எடையையும் வச்சு சுழலுது. அங்க வலின்னா எந்தச் சேடில் போட்டாலும் தாண்டித்தான் போகும். மூணாவது பேரலும் இடப்பக்கம்தானே, அங்கயும் இதே மாதிரி பண்றாளா? பண்ணலன்னா ஹாக்ஸ் மேல என் சந்தேகம் குறையும். ரெண்டாவது பேரலுக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் உண்டு, வலதுல இருந்து இடதுக்கு அங்க போறதுக்குள்ள லீட் (பாயும்போது முன்னால நீட்டி வைக்கற பக்கத்துக் கால்) மாத்தியாகணும். தோள் அழுத்தத்துல இருக்கற குதிரை லீட் மாத்தத் தயங்கும், இல்லன்னா முன்னங்கால் மட்டும் மாத்தி பின்னங்கால் மாத்தாம குறுக்கா ஓடும்.

விதர்ஸ்கிட்ட வெள்ளை முடி ஏதாவது புதுசா வந்திருக்கா பாருங்க. முடி வேர் அழுத்தத்துல பாதிச்சா அந்த இடத்துல வெள்ளையா முளைக்கும், சொரல் (செம்பழுப்பு நிற) குதிரைல தெளிவாத் தெரியும்.

ஸ்டீபன்வில்_அப்பா

மூணாவதுல நல்லாத்தான் திரும்பறா டாக்டர். லீட் விஷயம் வீடியோவ மெதுவா ஓட்டிப் பார்த்தேன், நீங்க சொன்னது அப்படியே இருக்கு, முன்னாடி மாத்தறா, பின்னாடி மாத்தாமலே பேரலுக்குள்ள போயிடறா. வெள்ளை முடி இடது பக்கம் ஒரு நாணய அளவுக்கு இருக்கு. ஸ்கோப்புக்கு நேரம் வாங்கிட்டேன்.

தோல்வேலை

இடது பக்கம் மட்டும் அழுத்தம், வெள்ளை முடியும் இடது பக்கம்னா மேருக்கு இடது தோள் பெரிசா இருக்கும். இது நோய் இல்ல அண்ணா, நிறைய குதிரைக்கு ஒரு தோள் பெரிசுதான். பின்னாடி ஒரு உயரமான இடத்துல ஏறி நின்னு, குதிரையை நாலு காலும் சமமா நிக்க வச்சு, மேல இருந்து முதுகைப் பாருங்க, கண்ணுக்கே தெரியும். அப்படி இருக்கற குதிரைக்கு சேடிலை பெரிய தோளுக்கு ஏத்த மாதிரி எடுக்கணும், சின்ன தோள் பக்கத்துல இருக்கற இடைவெளியை பேடுல ஷிம் (மெல்லிய திண்டு) வச்சு நிரப்பணும். சின்ன தோளுக்கு எடுத்துட்டு பெரிய பக்கத்தைப் பொறுத்துக்கோன்னா அது குதிரையோட காலைக் கட்டிப் போடறதுதான்.

இப்ப சேடில் அளவுல எல்லாரும் கேக்கற கேள்வி, செமி குவார்ட்டர் பாரா, ஃபுல் குவார்ட்டர் பாரா? இந்தப் பேர்களை நம்பி வாங்காதீங்க. கல்லட் ஆறரை இஞ்ச், ஏழு இஞ்ச்னு எழுதியிருப்பாங்க, ஆனா அது ரெண்டு பாருக்கு நடுவுல இருக்கற அகலம் மட்டும்தான். பார் எந்தக் கோணத்துல சரியுது, நீளவாக்குல எவ்வளவு வளைஞ்சிருக்கு, எவ்வளவு முறுக்கு, முனை எவ்வளவு வெளிய விரிஞ்சிருக்குன்னு அந்த நம்பர்ல ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு பட்டறைக்கும் அளவு வேற. ஒருத்தரோட ஆறரை இன்னொருத்தரோட ஏழைவிட நல்லா உட்காரும்.

செய்ய வேண்டியது: வரைபடம் போடறவங்க வச்சிருப்பாங்களே வளைஞ்சு நிக்கற ரப்பர் ஸ்கேல், அது ஒண்ணு வாங்குங்க. தோள் எலும்புக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி ஒண்ணு, சேடில் நடுவுல வர்ற இடத்துல ஒண்ணு, கடைசி விலாகிட்ட ஒண்ணு, அப்புறம் முதுகு நீளவாக்குல ஒண்ணு, இப்படி வளைச்சு அட்டைல வரைஞ்சு வெட்டிக்கோங்க. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த அட்டையோட போங்க, பார் அடில வச்சுப் பார்த்தா வாங்கறதுக்கு முன்னாடியே பாதி சேடில் கழிஞ்சிடும். அதோட வாங்கற இடத்துல வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முதுகுல வச்சுப் பார்க்க விடுவாங்களான்னு கேளுங்க. விடலன்னா வேற இடம் பாருங்க.

கடிவாளம்

ஃப்ளெக்ஸ் ட்ரீ (வளைஞ்சு குடுக்கற ட்ரீ) வாங்கினா எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்னு சொல்றாங்களே, அது பத்தி?

தோல்வேலை

ஃப்ளெக்ஸ் ட்ரீல நல்லதும் இருக்கு சார், நானே போட்டு ஓட்டறவங்களுக்கு வேலை பாத்திருக்கேன். முன்னங்கால் நீளும்போது பார் கொஞ்சம் இடம் குடுக்கும். ஆனா வளையற பொருளும் முதல்ல சரியான வடிவத்துல இருக்கணும். தப்பான கோணத்துல இருக்கறது வளைஞ்சா தப்பான இடத்துலதான் போய் வளையும். எல்லாக் குதிரைக்கும்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. கனம் குறைவுன்னு விக்கறதும் அப்படித்தான், பேரல் சேடில் சுமாரா 25 பவுண்ட் இருக்கும், அதுல அஞ்சு பவுண்ட் குறையறதைவிட இருக்கற எடை பரவலா இறங்கறதுதான் குதிரைக்குத் தேவை.

செம்மண்_ஓக்லஹோமா

பின் சின்ச் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இங்க ஜாக்பாட்ல பார்க்கறப்போ பாதி பேருக்கு அது தொங்கிக்கிட்டு இருக்கு. தொங்கினா பயனும் இல்ல, குதிரை பின்னங்கால் அதுல மாட்டற ஆபத்து வேற. வயித்தைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், இறுக்கக் கூடாது. முன் சின்ச்சோட சேர்த்துக் கட்டற சின்ன வார் கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா பின்னாடி நகர்ந்து துள்ள வச்சிடும். திருப்பத்துல சேடிலோட பின்பக்கம் தூக்காம இருக்கறது இந்த சின்ச்சாலதான். ஓட்டி முடிச்சதும் இடுப்புப் பக்கம் முடி கலைஞ்சு சுருண்டு இருந்துச்சுன்னா சேடில் பின்னாடி ஆடுதுன்னு அர்த்தம்.

முன் சின்ச்சை நசுக்கற அளவுக்கு இறுக்காதீங்க அண்ணா. அகலமான சேடில் உருளுதுன்னு இறுக்கிக்கிட்டே போவோம், குதிரை மூச்சு விட முடியாம ஓடும். சரியான சேடில்னா ஏறி உட்கார அளவான இறுக்கமே போதும்.

ஸ்டீபன்வில்_அப்பா

கொஞ்ச நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். ஸ்கோப்ல லேசான புண் இருந்துச்சு, மருந்து முடிஞ்சு டாக்டர் சரின்னுட்டார். ஹாக்ஸ் நல்லா இருக்கு. அட்டை வெட்டிக்கிட்டு நாலஞ்சு இடம் போனோம், கடைசில பழசு ஒண்ணு கிடைச்சுது, பதினாலு இஞ்ச் சீட், பார் சரிவா மேரோட விதர்ஸுக்கு நல்லா ஒத்துப் போகுது, ஸ்டிரப் நேரா கீழ தொங்குது. ரைசர் இல்ல, பிளாங்கெட் இல்ல, முக்கால் இஞ்ச் ஃபெல்ட் பேடு ஒண்ணு, வலது பக்கம் ஷிம். பழைய சேடிலை வித்ததுல பெரும்பங்கு காசு வந்துடுச்சு.

இன்னும் ரேஸ் போகல. வீட்டு அரீனாவுல ட்ராட்லயும் லோப்லயும்தான் ஓட்டறா. மேர் ரெண்டாவது பேரலுக்குப் போகும்போது பின்னங்கால் லீட் மாத்தறா, எல்லா தடவையும் இல்ல, பெரும்பாலும். பொண்ணு ஹார்னைத் தள்ளறது இப்பத்தான் வருதுன்னு சொல்றா, முன்னாடி கோச் சொன்னப்பல்லாம் எப்படித் தள்றதுன்னே புரியலையாம். உள்பக்கம் சாயறது முழுசா போகல, அது பழக்கமாயிடுச்சு போல.

கடிவாளம்

சாயறது போகறதுக்கு ஒரு பயிற்சி. ஸ்டிரப் இல்லாம பேரலைச் சுத்தி நடையில மட்டும் விடுங்க, உள்பக்கக் கால் சின்ச் பக்கத்துல, குதிரை விலாவைத் தாங்கிப் பிடிக்கற மாதிரி. ரெயின் கை குதிரை கழுத்துக்குக் குறுக்கப் போகாம, கழுத்து நடுவுல தாழ்வா முன்னாடி இருக்கட்டும். சாஞ்சா அவளுக்கே உடனே தெரியும். தினம் கொஞ்ச நேரம் போதும், களைச்சுப் போற வரைக்கும் வேண்டாம். பொண்ணு நல்லா வருவா.

புதுவாசகன்

எல்லாத்தையும் படிச்சேன், குதிரையே கிட்டப் பார்க்காதவன் நான், ஆனா விட மனசு வரல. ஒரு சந்தேகம், வீடியோல சிலர் ஸ்டிரப்போட காலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்காங்களே, விழுந்தா ஆபத்து இல்லையா?

கல்கரி_வடமராட்சி

நல்ல கேள்வி தம்பி. ஓட்டத்தில கால் ஸ்டிரப்பை விட்டு வழுக்காமல் இருக்கத்தான் போடுறவை, பெரிய போட்டிக்காரரும் போடுறவைதான். விழேக்க அறுந்து போற அளவு மெல்லிசா இருக்கவேணும் எண்டதுதான் அதின்ர விதி. ஆனா சின்னப் பிள்ளையின்ர எடைக்கு அது அறும் எண்டு ஆர் உறுதி சொல்லுறது? என்ர பிள்ளையளுக்கு நான் விடேல்லை. கால் வழுக்குது எண்டால் ஸ்டிரப் பெரிசு, இல்லாட்டி வார் நீளம், அதைத்தான் முதல்ல பாக்கவேணும். ஸ்டிரப் நிலத்துக்கு ஒரு பக்கமா லேசாச் சரிஞ்சு செய்ததும் வருது, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சுகம், காலும் தங்கும். பூட்ஸ் அடி மிருதுவா வழுக்கிற தோலெண்டால் ஸ்டிரப் மிதிக்கிற இடத்தில ரப்பர் ஒட்டினதாப் பாத்து எடுங்கோ.

தலைக்கு ஹெல்மெட்டும். அதில பேரம் பேசக் கூடாது.

தோல்வேலை

ஐயா சொன்னது முழுக்க சரி. ஸ்டீபன்வில் அண்ணா, அந்த அட்டைகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தேதி எழுதி வைங்க. வலி போய் மேர் முதுகைத் தூக்கி ஓட ஆரம்பிச்சா தோளுக்குப் பின்னாடி இருக்கற பள்ளம் தசையால நிரம்பும், அப்ப வலது ஷிம் மெலிசாக்க வேண்டி வரலாம், இல்ல எடுத்தே போட வேண்டி வரலாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி வரைஞ்சு பழசு மேல வச்சுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா படம் போடுங்க, பேடுல என்ன மாத்தணும்னு சொல்றேன்.